வெள்ளை விருந்துக்குப் போன கல்யாணப் புடவை

முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருக்கும் ஜூலியனுக்குப் பிரெஞ்சு நாகரிகம் அத்துப்படி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பெரியப்பா வீட்டில் சின்ன வயதில் இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறார். அந்தச் சோற்றின் தெம்பில் முப்பது வருடமாகக் கம்பெனிக்கே மரியாதை கற்றுக்கொடுத்து வருகிறார். கேன்டீனில் தயிர்சாதத்தைக்கூட முள்கரண்டியால்தான் சாப்பிடுவார். பாதி சட்டையில் விழும். மற்றவர்கள் பிரெஞ்சு ஐயாவாக்கி "முசே" என்று கூப்பிடுவது நக்கல் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

இந்த வருடம் விற்பனை நன்றாக இருந்ததால், முதலாளி பத்துக் குடும்பங்களைச் சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் கூட்டிப்போனார். பயணத் தாளில் ஒரு வரி இருந்தது: இரண்டாம் நாள் மாலை, வெள்ளை உடை விருந்து. முசேவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"வெள்ளைன்னா தலையில இருந்து கால் வரைக்கும் வெள்ளை. இல்லன்னா வாசல்லயே நிறுத்திடுவான்" என்று கேன்டீனில் சட்டம் போட்டார். தனக்கு வெள்ளை கோட்டு சூட்டும் தைத்துக்கொண்டார்.

மனைவி ஆரோக்கியத்திடம் இருந்தது ஒரே வெள்ளைப் புடவை, மாதா கோயிலில் மோதிரம் மாற்றிய அன்று கட்டிய பட்டு. அதை நாப்தலீன் உருண்டை போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருந்தாள். கடைசியில் பெட்டிக்குள் படுக்கும்போது அதைத்தான் கட்டிவிட வேண்டும். அவள் அம்மாவும் அப்படித்தான் போனாள்.

"அது நான் சாவறப்ப கட்டிக்கினு போறதுக்கு. கப்பல்ல சோறு துன்றதுக்கு இல்ல. வேற ஒண்ணு வாங்கிக் குடுங்க."

"புதுசு கட்டினா இதுக்குன்னே வாங்கனா மாதிரி தெரியும். பழைய பட்டுதான் கெத்து. ஒரு பொட்டுகூட படாம நான் பாத்துக்கறேன்."

மூன்று நாள் நச்சரிப்பு. நாலாம் நாள் அவள் பீரோவைத் திறந்தாள்.

விருந்து மண்டப வாசலில் யாரையும் யாரும் நிறுத்தவில்லை. வெள்ளை போடாதவர்கள் தலையில் ஒரு பெண் காகிதத் தொப்பியை மாட்டிவிட்டாள், அவ்வளவுதான். கணக்குப் பிரிவு தெய்வநாயகம் பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் இருந்தார். அவர் மனைவி சாந்தி, "புருஷன் உசுரோட இருக்கறப்ப நான் ஏன் வெள்ளை கட்டணும்?" என்று மாம்பழ மஞ்சளில் வந்திருந்தாள். முதலாளி அரைக்கால் சட்டை.

ஜூலியனின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்த தெய்வநாயகம், "முசே, இந்த ஒயின் கிளாச எப்பிடிப் புடிக்கணும்?" என்று கேட்டுவைத்தார்.

போன உயிர் திரும்பி வந்தது. "மூணு வெரல்ல கிளாஸோட தண்டப் புடிக்கணும். அப்புறம் லேசா சுத்தணும், இப்பிடி."

முதலாளி திரும்பிப் பார்த்தார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் ஜூலியன் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றினார். சிவப்பு ஒயின் மொத்தமும் ஆரோக்கியத்தின் முந்தானையில் விழுந்து கொசுவம் வரை இறங்கியது.

உப்பு போடு, சோடா ஊற்று என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அவள் நனைந்த முந்தானையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு சாப்பாட்டை முடித்தாள். ஜூலியனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் டிரை கிளீனிங் கடைக்காரர் புடவையை விரித்துப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி மடித்துக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் ஆரோக்கியம் வெள்ளை சூட்டை இஸ்திரி போட்டு, நாப்தலீன் உருண்டை வைத்து, மேல்தட்டில் காலியாக இருந்த இடத்தில் வைத்தாள்.

"அத ஏன் அங்க வைக்கிற? அடுத்த வாரம் கல்யாணத்துக்குப் போட்டுக்கினு போவணும்."

"தொடாதீங்க. எனக்கு வெச்சிருந்தது பாழாப்போச்சு. உங்களுதுல ஒரு பொட்டுகூட படல" என்று பீரோவைப் பூட்டினாள். "நீங்க முன்னாடி போங்க. நான் வேற புடவ பாத்துக்கினு மெதுவா வரேன்."