படத்தில் இருக்கும் கை

கிடங்கில் அவளுடைய சொந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. சின்னக்கை என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், வாயும் கொஞ்சம் நீளம். கை மட்டும் பத்து வயதோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. அந்தக் கைதான் ஆறு வருடமாக அவளுக்குச் சோறு போடுகிறது.

வேலைக்குச் சேர்ந்தபோது அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். இணையத்தில் விற்கும் சாமான்களை முதலாளியே படம் எடுப்பார். பிடித்துக்கொள்ள அவர் தம்பி. தம்பியின் உலக்கைக் கையில் ஃப்ளாஸ்க் ஒன்று இருமல் மருந்து பாட்டில் மாதிரி தெரிந்தது. அலுத்துப்போய், "நீ வந்து பிடிம்மா" என்று இவளைக் கூப்பிட்டார். அதே ஃப்ளாஸ்க் இவள் கையில் குடம் போல நின்றது. ஒரே வாரத்தில் சரக்கு காலி. "ராசியான கை" என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார். ராசியாவது ஒன்றாவது! பக்கத்தில் இருப்பது சின்னதாக இருந்தால் எதுவுமே பெரிதாகத்தான் தெரியும். அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். இருவரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அதற்குப் பிறகு கைக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. பாத்திரம் தேய்க்க ஒரு கையுறை, காய் நறுக்க ஒரு உறை, வெயிலில் போக ஒரு உறை. "மகாராணி கை இன்னிக்குச் சமைக்குமா, இல்ல நானே பாத்துக்கணுமா?" என்று கணவன் கேட்காத நாள் கிடையாது. இடது புறங்கையில் மட்டும் முக்கோணமாக ஒரு தழும்பு. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அக்கா பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டாள். குறுக்கே கையை நீட்டியவளுக்குப் பெட்டியின் முனை பட்டுவிட்டது. படம் எடுக்குமுன் அதை மேக்கப் கிரீமால் மறைத்துவிடுவாள். சாப்பாட்டு டப்பாவைப் படம் எடுத்த அன்று கிரீம் தீர்ந்துபோயிருந்தது. "விடும்மா, யாரு அதப் போய் கவனிக்கப் போறா?" என்றார் முதலாளி.

கவனிக்க ஒருத்தி இருந்தாள். அக்காவேதான். வேலை போன பிறகு வீட்டிலேயே சமைத்து அனுப்பும் தொழிலில் இறங்கியிருந்தாள். ஆறு மாதம் நாயாக அலைந்ததில் ஓர் அலுவலகத்தில் முப்பது பேருக்கு மதியச் சாப்பாடு கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை முதல் நாள். ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்ப்பார்கள், பிடித்திருந்தால் தொடரும். சனிக்கிழமை மதியம் அக்கா ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு இவள் வீட்டுக்கு வந்தாள்.

"டப்பாவ மாத்தி அனுப்பிட்டாங்கடி. உங்க கம்பெனி தானே? நீ சொல்லி வாங்கிக் குடேன்."

பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தாள். குழந்தைகள் விளையாடும் சொப்புச் சாமான்தான். அதில் ஒரு ஆள் சாப்பாடு எப்படிக் கொள்ளும்?

"வாங்கறப்ப அளவு பாத்தியாக்கா?"

"அளவு எதுக்குப் பாக்கணும்? படத்துல உன் கை இருந்துச்சே. அந்தத் தழும்பு நான் போட்டது, எனக்குத் தெரியாதா? நம்ம தங்கச்சிதான் பிடிச்சுட்டிருக்கான்னு கண்ண மூடிட்டு முப்பது வாங்கிட்டேன்."

ஊருக்கெல்லாம் அது சின்னக் கை. அக்காவுக்கு அது தங்கச்சியின் கை, அவ்வளவுதான். அதற்கு அளவு ஒன்று இருப்பதே அவளுக்குத் தோன்றியிருக்காது. உண்மையைச் சொல்ல இவளுக்கு மனம் வரவில்லை. "நான் பேசுறேன்கா" என்று சொல்லி, இரண்டு டப்பாவை மட்டும் கடுகு, மிளகு போட்டுக்கொள்ள அக்காவிடமே விட்டு, மீதியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இவள் அவர் வீட்டைத் தேடிப் போனபோதும் முழுதாகக் கேட்டார்.

"அளவு கீழ போட்டிருக்கோமேம்மா. முன்னூத்தம்பது மில்லி. நாம பொய் சொல்லலையே."

"போட்டிருக்கோம் சார். மேல என் கை இருக்கறப்ப கீழ யாரு போய்ப் பாக்கறா?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு கிடங்கைத் திறந்து பெரிய டப்பா முப்பதை எடுத்துக் கொடுத்தார். "உங்க அக்கா நமக்கு வேத்து மனுஷியா? கொண்டு போ."

"அப்ப அந்தப் படம்?"

"படத்துக்கென்ன? நல்லா ஓடிட்டிருக்கு."

இவளுக்கு அக்காவின் திங்கட்கிழமைதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது. டப்பாக்களை வாங்கிக்கொண்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டே, "நான் சொன்னேன்ல? மாத்திதான் அனுப்பியிருக்காங்க. உன் கை இருக்கற எடத்துல தப்பு நடக்குமா?" என்றாள்.

பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அப்படி இருக்க இவளால் முடியவில்லை.

"மாத்தி அனுப்பலக்கா. படத்துல நான் பிடிச்சிருந்தது அந்தச் சின்ன டப்பாதான். என் கையில அது பெருசாத் தெரியும். அதுக்குத்தான் என்னைப் பிடிக்கச் சொல்றாங்க."

அக்கா குழாயை நிறுத்தினாள். அலமாரியில் கடுகும் மிளகும் போட்டு வைத்திருந்த அந்த இரண்டு சின்ன டப்பாக்களில் ஒன்றை எடுத்து இவள் கையில் கொடுத்தாள். பார்த்தாள். அதை வாங்கித் தன் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு டப்பாவை வைத்துவிட்டு, இவள் உள்ளங்கையோடு தன் ஈரமான உள்ளங்கையைச் சேர்த்துப் பிடித்தாள். இவளுடைய நடுவிரல் அக்காவின் கடைசிக் கணுவோடு நின்றுவிட்டது.

"இவ்வளவு சின்னக் கையாடி உனக்கு?"

திட்டுவாள் என்று நினைத்திருந்தவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கம்தான்.

"என்னை மாதிரி எத்தன பேரு வாங்கியிருப்பாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நானூறுக்கு மேல."

இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் ஃபோனை எடுத்தாள். அந்த டப்பாவின் பக்கத்தைத் திறந்தாள். வாங்கியவர்கள் கருத்து எழுதும் இடத்துக்குப் போனாள். "கையக் காட்டுக்கா" என்றாள். கடுகு டப்பா தன் கையில், மிளகு டப்பா அக்காவின் கையில். தழும்பு நன்றாகத் தெரியும்படி திருப்பிக்கொண்டு படம் எடுத்தாள். கீழே எழுதினாள்: 'இரண்டும் ஒரே அளவு. விற்பவர் படத்தில் இருக்கும் சின்னக் கை என்னுடையது.'

"முதலாளி பாத்துட்டா?" என்று அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாப்பாரு. காலையில காப்பிக்கு முன்னாடி இதத்தான் படிப்பாரு."

அழுத்திவிட்டாள்.

மறுநாளுக்கு முப்பது பேருக்குக் காய் நறுக்க வேண்டியிருந்தது. இவள் பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

"உறையப் போட்டுக்கடி, வெட்டிக்கப் போற" என்றாள் அக்கா.

"வெட்டினா என்னக்கா? இனிமே இந்தக் கைய நீ மட்டும்தானே பாக்கப் போற."