தெரு விசாரித்த ராப் பாடகர்

இன்று ஆர்.எஸ்.புரத்தில் சாதி எதிர்ப்பு இசை நிகழ்ச்சிக்கு ஒத்திகை. நானே எழுதிய ராப் ஒன்றைப் பாடலாம் என்று போயிருந்தேன்.

நிகழ்ச்சியை நடத்துகிறவர் பாடிக்கொண்டிருந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களைப் போல முடியைச் சடைசடையாக முறுக்கியிருந்தார். "எங்கள் முதுகில் சாட்டை, எங்கள் கழுத்தில் சங்கிலி" என்று பாட்டு போனது. அந்த 'எங்கள்' யார் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே வந்தது. அவர் காரில் வந்து இறங்கியதைப் பார்த்திருந்தேன்.

பாடி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"கருமத்தம்பட்டிங்க."

"அங்க எந்தத் தெருங்க?"

நம் பக்கத்தில் இதை எதற்குக் கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

"காலனிங்க."

இதைக் கேட்டால் ஊரில் முகம் சுருங்கும். இவருக்கு மலர்ந்துவிட்டது. எனக்கு அதுதான் உறுத்தியது.

"அருமைங்க. அப்ப நீங்க பறை எடுத்துட்டு எனக்குப் பின்னாடி நின்னுக்கோங்க. பாட்டுக்கு ஒரு உண்மை வந்துருமுங்க."

"எனக்குப் பறை அடிக்கத் தெரியாதுங்க. பாட்டு எழுதிட்டு வந்திருக்கேனுங்க."

"பரவால்லைங்க, சும்மா புடிச்சுட்டு நின்னாப் போதும்."

சரி, நானும் கேட்டு வைப்போம் என்று, "நீங்க எந்தத் தெருங்க?" என்றேன்.

"நமக்குள்ள அதெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்தபடி மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்கும் ஒத்திகை இருக்கிறது. பறையை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.