புறாவும் பிஸ்மியும்

அவர் டீ குடிக்கும்போது நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன என்று கண்ணால் கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லை என்றால் எதற்கு ஒருத்தி காலங்காத்தாலே புருஷன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்? வலது ஓரமாக டீ வழிகிறதா, நேற்றைவிடக் குறைவாக வழிகிறதா என்றுதான் பார்ப்பேன். ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும். மறுநாள் அதிகமான மாதிரி இருக்கும். என் கண்ணையே எனக்கு நம்ப முடியாமல் போய்விட்டது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கடையைத் திறக்கப் போனவர், ஷட்டரைப் பாதி தூக்கியபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மலையிறங்கிச் சேலம் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். கை திரும்பியது. கால் திரும்பியது. நாக்கு மட்டும் திரும்பவில்லை. அவர் எது சொன்னாலும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சொல்வது போலவே வந்தது.

வேறு தொழிலாக இருந்தால் தலையாட்டியே ஓட்டியிருக்கலாம். மலைமேல் ஒண்டிக்கடை என்கிற ஊரில் எங்களுக்கு இருப்பது கோழிக்கடை. எங்கள் சனம் பிஸ்மி சொல்லி அறுத்த கறியைத்தான் தொடும். இறைவன் பேரைச் சொல்லி, கத்தியை வைத்து, ரத்தம் முழுக்க வடியவிட்டால்தான் அது கறி. பேச்சு வராதவர் மனசுக்குள் சொன்னாலே போதும் என்று பள்ளிவாசல் அஜரத்து வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அஜரத்து முன்னால் இவர் தலையை ஆட்டினார். அவர் போனதும் இல்லை என்று ஆட்டினார். ஊமைக்குச் சொன்னது தனக்குப் பொருந்தாது என்பது இவர் வாதம். நாக்கு இருக்கிறது, சத்தமும் வருகிறது, சொல் மட்டும் சரியாக வரவில்லை. அப்படிப்பட்டவன் அறுத்தது ஆகுமா என்ற சந்தேகம் ஊரைவிட அவருக்குத்தான் அதிகம்.

ஆனாலும் கடையைத் திறந்தார். கோழியைப் பிடித்து மேற்குப் பக்கம் திருப்பி, கத்தியை வைத்து, ஏதோ முனகுவார். எதிரில் நிற்பவர்கள் கோழியைப் பார்க்கமாட்டார்கள், அவர் உதட்டைப் பார்ப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "நாளைக்கு வாங்கிக்கறேங்க்கா" என்று சிரித்துவிட்டுப் போன பெண்ணின் கையில் சாயங்காலம் வேறு கடைக் கறிப் பை தொங்கியது. அவளிடம் நான் என்ன கேட்பது?

இந்த நேரத்தில்தான் ஆளாளுக்குப் புறா சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார், பால் ஊற்றுகிறவர் சொன்னார். ஆத்தூரில் கட்டிக்கொடுத்த என் மகள் போனில் ஒரு வீடியோவே அனுப்பினாள். வாதம் வந்து நாக்குக் குழறினால் புறாக்கறியும் புறாச் சாறும் கொடுக்க வேண்டுமாம், அந்தச் சூட்டில் நரம்பு முறுக்கு விட்டுப்போகுமாம். மாத்திரை வாங்கப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"கறிதானேம்மா, குடுங்க. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. அவருக்கு முழுங்கறது இன்னும் சரியாகல. தலையக் குனிஞ்சு முழுங்கச் சொல்லுங்க. எலும்பு ஜாக்கிரதை."

அவர் சொன்ன அத்தனையிலும் எலும்பு என்ற ஒரு சொல்தான் என் காதில் நின்றது. தண்ணீர் குடித்தாலே இவருக்குப் புரையேறும், கண் சிவந்து மூச்சுத் திணறும். புறா எலும்போ ஊசி மாதிரி இருக்கும். கொடுக்காவிட்டால் நாக்கு போய்விடுமோ என்று பயம். கொடுத்தால் ஆளே போய்விடுவாரோ என்று பயம். கடைசியில் முதல் பயம் ஜெயித்தது.

எங்களுக்கு நாட்டுக்கோழி கொண்டுவந்து போடுகிறவர் வெள்ளக்கடைக்காரர், வெள்ளக்கடை பக்கத்து மலைக் கிராமம். கொஞ்சம் காப்பிச் செடி, நாலு ஆரஞ்சு மரம் வைத்திருக்கிறார். வீட்டுக் கூரையடியில் பழைய மரப்பெட்டிகளை ஆணியடித்துப் புறாவும் வளர்க்கிறார். ஆசைக்கு வளர்ப்பது, விற்கமாட்டார். அதனால் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

"ஏனுங்க பாயம்மா, பாய்க்கில்லாத புறாவாங்க? நாளைக்கே கொண்டாறேனுங்க" என்றார்.

சொன்னபடி மறுநாள் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு, வாழை இலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். இரண்டு புறா, இறகு பறித்து, தீயில் வாட்டி, மஞ்சள் தடவி இருந்தது. கழுத்தில் வெட்டே இல்லை.

"ஊட்டுலயே வேலைய முடிச்சுட்டேனுங்க. பாய்க்கு எதுக்குச் சிரமம்? மொளகு தட்டிப் போட்டு வேக வெச்சாப் போதுமுங்க."

"அறுக்கலீங்களாண்ணா?"

"கழுத்தத் திருகித்தானுங்க விட்டேன். அறுத்தா ரத்தம் போயிருமில்லீங்க? சூடே ரத்தத்துலதான் இருக்குது. வாதத்துக்குக் குடுக்கற புறாவுல நாங்க கத்தியே வெக்க மாட்டமுங்க."

"இத்தன வருசமாக் கோழி கொண்டாந்து போடறீங்க. அறுக்காதது எங்களுக்கு ஆகாதுன்னு தெரியாதுங்களா?"

"கோழிக்குத் தெரியுமுங்க. இது மருந்தாச்சுங்களே!"

திட்டத்தான் நினைத்தேன், மனசு வரவில்லை. அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆசையாக வளர்த்ததைத் தன் கையாலேயே திருகிக் கொண்டுவந்திருக்கிறார். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு கணம் மனசு ஆடியது. மருந்து என்று அவரே சொல்லிவிட்டார். மிளகும் சீரகமும் போட்டுக் கொதிக்கவிட்டால் கழுத்தென்ன, காலென்ன? இந்த இரண்டு புறாவில் அவர் நாக்கு திரும்பிவிடும் என்றால்?

நான் அப்படி நின்றுகொண்டிருந்தபோதே இவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். இலையைப் பார்த்தார். வேறெதையும் தொடவில்லை, விரல் நேராகப் புறாவின் கழுத்துக்குத்தான் போனது. தொழில்காரர் விரல். ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, இலையை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"உங்க நாக்குக்குத்தாங்க" என்றேன். என் குரல் அழுகிற மாதிரி வந்தது.

"வே...ணா" என்றார்.

வெள்ளக்கடைக்காரருக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சுருங்கிவிட்டது. "தப்பாப் போச்சுங்க பாய். நான் மருந்துன்னே நெனச்சுட்டனுங்க. சாயங்காலம் உசுரோட கொண்டாறேன்" என்று பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

பள்ளிவாசலில் யாரையாவது அறுத்துத் தரச் சொல்லலாமே என்று நான் மெல்ல ஆரம்பித்தேன். இவர் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். எனக்குத் தெரியாதா? கோழிக்கடைக்காரர் வீட்டுக்கே வேறொருவர் வந்து அறுத்தார் என்றால், அன்றோடு ஷட்டரை இறக்கிவிடலாம். நாக்கு திரும்பப் புறா வேண்டும். புறாவை அறுக்க நாக்கு வேண்டும். இதை நினைத்து நினைத்து மத்தியானச் சோறே எனக்கு இறங்கவில்லை.

பனி இறங்குகிற நேரத்தில் வெள்ளக்கடைக்காரர் கூடையோடு வந்தார். கடைக்குப் பின்னால் குழாயடியில் வைத்து இவர் ஒரு புறாவை எடுத்தார். இறக்கையைச் சேர்த்துப் பிடித்து மேற்கே திரும்பினார். கத்தியை எடுத்தார். வாயைத் திறந்தார்.

"பி... பிமி..."

நிறுத்தினார். எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே முனகல். புறா அவர் கைக்குள் அசையாமல் கிடந்தது, அதன் நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை முயன்றார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வெள்ளக்கடைக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு காப்பித் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

பிறகு இவர் கத்தியின் பிடியை என் பக்கம் நீட்டினார்.

பெண் அறுக்கலாம், தடையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அறுத்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கடையில் கோழி கழுவியிருக்கிறேன், துண்டு போட்டிருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஒன்றின் மேல் கத்தி வைத்ததில்லை. முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் நீட்டிய கையை மடக்கவே இல்லை.

வாங்கிக்கொண்டேன். அவர் பிடித்துக்கொண்டார். அவர் கட்டைவிரலால் காட்டிய இடத்தில் கத்தியை வைத்து, "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்றேன். என் நாக்கில் ஒரு குறையும் இல்லை, தெளிவாகத்தான் வந்தது. அப்படித் தெளிவாக வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராத்திரி சின்ன வெங்காயமும் இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டுக் குழைய வேகவைத்தேன். ஒவ்வொரு நாராகப் பிய்த்து, விரலால் நசுக்கித் தடவிப் பார்த்து, எலும்பில்லை என்று தெரிந்த பிறகும் இன்னொரு தடவை தடவிப் பார்த்தேன். அதற்குள் சாறு ஆறிப்போனது. "குனிஞ்சு முழுங்குங்க, குனிஞ்சு" என்று ஒவ்வொரு வாய்க்கும் சொன்னேன். நடுவில் ஒருமுறை இருமினார். எனக்கு உயிரே போய்விட்டது. முதுகைத் தட்டினேன், கத்தினேன், தண்ணீர் சொம்பைக் கவிழ்த்தேன். இருமல் நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தார், கோணலாக. அதன் பிறகு நான்தான் வெகுநேரம் அழுதேன்.

மறுநாளிலிருந்து கடையிலும் நான்தான் அறுத்தேன். அவர் பிடித்துக்கொள்வார், நான் சொல்லி அறுப்பேன். பொம்பளை அறுப்பதா என்று சிலர் வராமல் போனார்கள். அஜரத்து வந்து ஒரு கோழி வாங்கிப் போன பிறகு சிலர் திரும்பி வந்தார்கள். வெள்ளக்கடைக்காரர் இன்னும் இரண்டு தடவை புறா கொண்டுவந்தார், உயிரோடு. மாத்திரையும் போய்க்கொண்டிருந்தது, டாக்டர் சொன்ன வாய்ப் பயிற்சியும் போய்க்கொண்டிருந்தது. நான் டீ வழிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். அந்த 'நாளைக்கு வாங்கிக்கறேன்' பெண்ணும் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது, பிஸ்மியை வாய்க்குள்ளேயே சொல்லிவிட்டுக் கத்தியை வைக்கப் போனேன். கோழியைப் பிடித்திருந்த இவர் கை சட்டென்று பின்னால் போனது.

"சத்தமாச் சொல்லு" என்றார்.

அந்த இரண்டு சொல்லிலும் ஒரு குழறலும் இல்லை. நான் அப்படியே அவரைப் பார்த்தேன். அவருக்கே அது தெரியவில்லை, கோழியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்துச் சொன்னால் பயந்து நாக்கு மறுபடி மடங்கிவிடுமோ என்று நான் வாயைத் திறக்கவில்லை. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொல்லி அறுத்தேன்.