தார்ப்பாய்க்குக் கீழே நான்கு மூட்டை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நான்கு டிஏபி உர மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்தேன். மூடினால் மட்டும் போதாது என்று தோன்றியது. மேலே ஒரு பழைய நாற்காலியைக் கவிழ்த்து வைத்தேன். அதற்கும் மேலே ஓடாத டேபிள் ஃபேன்.

காபியோடு வந்த என் மனைவி வசந்தா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்னங்க இது... கொலை பண்ணிட்டு வந்தவரு மாதிரி மூடுறீங்க?"

"சத்தம் போடாத. ஊர்ல ஒரு மூட்டை கிடைக்கல. தெரிஞ்சா வந்து கேப்பாங்க."

"கேட்டா என்ன?"

கேட்டால் கொடுக்க வேண்டி வருமே! அதுதான் பயம். ஆனால் அதை மனைவியிடம் சொல்ல முடியுமா? காபியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

வாரா வாரம் என் புலம்பலைப் படிப்பவர்களுக்குத் தெரியும். காரைக்காலில் ஒரு கல்லூரி ஆபீஸில் குப்பை கொட்டுபவன் நான். நெடுங்காட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் நிலம் உண்டு. லீவு நாளில் மட்டும் விவசாயி.

எங்கள் பக்கம் சம்பா நடவுக்கு அடியுரமாக டிஏபி போடாவிட்டால் யாருக்கும் மனசு ஆறாது. கடைசி உழவில் ஏக்கருக்கு ஒரு மூட்டை. ஏன் ஒரு மூட்டை? அப்பா போட்டார், பக்கத்து வயல்காரர் போடுகிறார், அதனால் நாமும் போடுகிறோம். அரை மூட்டை போட்டால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த முறை மூட்டை சரியாக வரவில்லை. விசாரித்தால் காரணம் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. விற்கிற நாடு ஒன்று "எங்களுக்கே வேணும்" என்று கதவைச் சாத்திவிட்டதாம். கப்பல் வருகிற வழியில் எங்கோ சண்டையாம். சுற்றிக்கொண்டு வர வேண்டுமாம். வாங்குகிற நாடுகளெல்லாம் ஒரே நேரத்தில் கடைக்கு ஓடினால் என்ன நடக்கும்? விலை ஏறும். எளியவன் வெறுங்கையோடு திரும்புவான்.

டிவியில் கோட் போட்ட நான்கு பேர் 'பொருளாதாரப் பாதுகாப்பு' என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். ஞானம் வந்தது. மறுநாள் நேராகத் தெரிந்த கடைக்குப் போய், பல வருஷப் பழக்கத்தைப் பயன்படுத்தி, இருந்த சரக்கில் நான்கு மூட்டையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று ஏக்கருக்கு எதற்கு நான்கு? ஒன்று ரிசர்வ்! நாடுகள் வைத்துக்கொள்வதில்லையா?

புதன்கிழமை காலையில் மலர்க்கொடி வந்தாள்.

என் வயலுக்குப் பக்கத்து இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவள். நிலத்தின் சொந்தக்காரர் பிரான்ஸில் இருக்கிறார். மூன்று தலைமுறையாக அங்கேதான். இங்கே உழவு, விதை, களை, அறுப்பு எல்லாமே மலர்க்கொடிதான். கணவர் இல்லை. ஒரு மகள் நர்ஸிங் படிக்கிறாள்.

சைக்கிளை ஷெட்டுக்குள் விட்டு, தார்ப்பாய் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நின்றாள். மேலே ஆடிய ஃபேனை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"சார், உங்களுக்குத் தெரிஞ்ச கடையில சொல்லி ரெண்டு மூட்டை வாங்கித் தர முடியுங்களா? நாத்து விட்டு இருபத்தெட்டு நாளாச்சு. சனிக்கிழமையோட நம்ம வாய்க்கா தண்ணி முறையும் முடிஞ்சிடும். அதுக்குள்ள நடலன்னா நாத்து முத்திப் போயிடும் சார்."

"அடியுரம் இல்லாம நட்டா?"

"நம்ம ரெண்டு ஏக்கரு மணல் சாரி சார். உரம் இல்லாம பயிரு எழுந்திரிக்காது. போன வருஷம் மழையில போச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா குத்தகைய விட்டுட்டு கம்பெனி வேலைக்குப் போறதத் தவிர வேற வழியில்ல."

அழவில்லை. கணக்காகத்தான் சொன்னாள். அதுதான் உறுத்தியது.

"பாக்குறேம்மா... எங்கயும் ஸ்டாக் இல்லன்னுதான் சொல்றாங்க" என்றேன்.

சொன்னது பொய்யா? கடையில் ஸ்டாக் இல்லைதான். அவள் கைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த வசந்தா அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் வந்தது.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு எங்கள் விவசாயிகள் சங்கக் கூட்டம். தலைவர் ஹாஜா பாய். திருமலைராயன்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் மொத்தக் கடை நடத்திவிட்டு, திரும்பி வந்து எங்கள் பக்கம் நிலம் வாங்கியவர். அவரைத் தலைவராக்கியது ஒரே காரணத்துக்காகத்தான்: எவ்வளவு பேர் கத்தினாலும் அவர் மட்டும் கத்த மாட்டார்.

சங்கத்துக்கு ஒதுக்கீடாக வந்திருந்த மூட்டைகள் கேட்டவர்களில் பாதிப் பேருக்குத்தான் காணும். பிறகென்ன? ஏக்கர் கணக்கில் பிரி என்றார் நிறைய நிலம் வைத்திருப்பவர். ஆளுக்கு ஒன்று என்றார் கொஞ்சம் வைத்திருப்பவர். சீட்டுக் குலுக்கிப் போடு என்றார் எதற்கும் கவலைப்படாதவர். ஒரே கூச்சல்.

மலர்க்கொடி எழுந்து பேச ஆரம்பித்ததும் பின்னாலிருந்து ஒருவர், "நீங்க மெம்பர் இல்லையேம்மா. பட்டா உங்க பேர்ல இல்லையே" என்றார்.

ஹாஜா பாய் கண்ணாடியைக் கழற்றினார். "பட்டா வச்சிருக்கவரு பிரான்ஸ்ல இருக்காரு. அவரு வந்து நாத்துப் பறிப்பாரா? ஓட்டுக்கு விடுறேன். சாகுபடி பண்றவங்க யாரா இருந்தாலும் மெம்பர். கை தூக்குங்க."

இரண்டு பேர் தவிர எல்லோரும் தூக்கினார்கள். எதிர்த்த இருவரின் பெயரும் நோட்டில் ஏறியது. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்... ஆனால் எழுந்து போகவில்லை. தோற்ற பிறகும் அதே பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த விஷயத்துக்குச் சண்டை போட்டார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

அதுவரை பேசாமல் இருந்த விவசாயத் துறை அதிகாரி தீபா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"எல்லாரும் உங்க மண்வள அட்டைய எடுத்துட்டு வந்தீங்களா?"

ஒருவரும் கொண்டுவரவில்லை.

நம் மண்ணைச் சோதித்து, எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று அச்சடித்துக் கொடுத்த அட்டை அது. நாங்கள் என்ன செய்தோம்? ரேஷன் கார்டு, பாஸ்புக், சின்ன வயசு போட்டோ எல்லாம் இருக்கிற பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகப் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினோம். அட்டையைத் தொலைத்தவர் ஒருவர்கூட இல்லை. படித்தவரும் ஒருவர்கூட இல்லை.

பைக்குகள் பறந்தன. அரை மணியில் அட்டைகள் வந்தன. ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க எங்களுக்கு முகம் தொங்கிப்போனது. டிஏபி மூட்டைக்காக நாங்கள் அலைவதே முக்கியமாக மணிச்சத்துக்காக, அதாவது பாஸ்பரஸுக்காக. அட்டையில் பாதிப் பேருக்கு மேல் 'மணிச்சத்து: அதிகம்' என்று இருந்தது. என் அட்டையிலும்தான்.

"வருஷா வருஷம் போட்டுப் போட்டு மண்ணுலயே தங்கிடுச்சு சார்" என்றார் தீபா. "உங்க வயலுக்கு இந்தத் தடவை டிஏபி வேணாம். பாஸ்போபாக்டீரியா போடுங்க, மண்ணுல இருக்கிறத அது எடுத்துக் கொடுக்கும். தழைச்சத்துக்கு யூரியா இருக்கு."

எனக்கு டிஏபியே வேண்டாம்! இல்லாத பசிக்காக நான்கு மூட்டையைத் திருடன் மாதிரி ஒளித்து வைத்திருக்கிறேன்.

மலர்க்கொடி சாகுபடி செய்யும் நிலத்தின் அட்டை? சொந்தக்காரர் பேரில் வந்ததால் அவரிடம்தான் இருந்தது. ஹாஜா பாய் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். மனுஷன் முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே போனில் தேடி, உறவினர் எப்போதோ அனுப்பிய போட்டோவைக் கண்டுபிடித்து அனுப்பினார். 'மணிச்சத்து: குறைவு.' கூட்டத்தில் யாரோ போனைப் பார்த்து "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் கத்தினார்கள்.

அப்புறம் தீர்மானம் சுலபமாக வந்தது. 'குறைவு' என்று இருப்பவர்களுக்கு முதலில். 'அதிகம்' என்று இருப்பவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் அப்படியும் சில மூட்டை குறைந்தது.

ஹாஜா பாய் நோட்டை மூடவில்லை. "வீட்டுல எடுத்து வச்சிருக்கவங்களும் சொல்லிடுங்க. நானே முதல்ல சொல்றேன். என் வீட்டு மாடியில ரெண்டு இருக்கு" என்றார்.

ஒருவர் தொண்டையைச் செருமி, "என்கிட்ட ஒண்ணு" என்றார். என் பக்கத்தில் இருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டே "ஆறு" என்றார். சொல்லாமல் இருந்துவிடலாமா? யாருக்குத் தெரியப்போகிறது? வசந்தாவுக்குத் தெரியும். அது போதாதா!

"எங்க கார் ஷெட்ல... நாலு."

மலர்க்கொடி திரும்பினாள்.

"நேத்து நான் கைய ஊன்றி நின்னேனே... அதுலயா சார்?"

நான் தலையாட்டினேன். இத்தனை வருஷம் எத்தனையோ பேரை நையாண்டி செய்து இந்தப் பத்தியில் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் அவர்கள் யாருக்கும் வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலை என் நான்கு மூட்டைகளும் போய்ச் சேர்ந்தன. மலர்க்கொடிக்கு வேண்டியது இரண்டு. மீதி இரண்டு வேறு இரண்டு பேருக்கு. சனிக்கிழமை வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போதே மலர்க்கொடியின் இரண்டு ஏக்கரும் நடவாகிவிட்டது. நானும் போய் நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுத்தேன். என் வேகத்தைப் பார்த்த நடவுப் பெண்கள் என்னை வரப்பில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

உட்கார்ந்து யோசித்தேன்.

காரைக்கால்காரர்களுக்கு 'சப்ளை செயின்' என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் பக்கத்து மாநிலத்தைத் தாண்டி வருகிறது. அரசு ஆணை பாண்டிச்சேரியிலிருந்து வருகிறது. பணம் வளைகுடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வருகிறது. கதவைச் சாத்திக்கொண்டு நாங்களே எல்லாம் செய்துகொள்வோம் என்று மார் தட்டினால், இரண்டாம் நாளே காய்ந்துபோவோம். சார்ந்துதான் வாழ வேண்டும். ஆனால் யாரை, எதற்கு, எவ்வளவு என்று தெரிந்து சார்ந்திருக்க வேண்டும்.

நாடுகளுக்கும் இதுதானே? இன்றைக்கு ஆளாளுக்கு ஒரு தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்கள். பற்றாக்குறையில் பாதி உண்மை, மீதி பயம். ஒரே ஆள் அதிகாரம் செய்கிற இடமாக இருந்தால் ஜீப் வந்து எங்கள் வீட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். வேகமாக வேலை முடிந்திருக்கும். ஆனால் மலர்க்கொடியின் மண்ணில் மணிச்சத்து குறைவு என்று அந்த ஜீப்புக்கு யார் சொல்வது? எங்கள் கூட்டம் மூன்று மணி நேரம் இழுத்தது, உண்மைதான். காது வலித்தது. ஆனால் யாருக்கு எது தேவை, யாரிடம் எது இருக்கிறது என்பது அந்தக் கூச்சலில்தான் வெளியே வந்தது. வந்த பிறகு எவரும் ஏமாற்றவில்லை. ஏமாற்ற முடியவும் இல்லை.

நட்பு நாடுகள் என்று சொல்லிக்கொள்பவர்களும் ஒரு நாள் அட்டையை மேஜை மேல் போட்டுப் பேசினால் தேவலை. முகம் தொங்கும், பரவாயில்லை.

நேற்று மறுபடியும் சங்கம் கூடியது. இன்னொரு முறை இப்படித் தவிப்பதில்லை என்று முடிவு. கோடையில் நிலத்தைச் சும்மா போடாமல் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது. உரம் வாங்கும்போது ஒரே ரகத்தை, ஒரே கடையை நம்பாமல் மூன்று இடத்தில் சொல்லி வைப்பது. மண் பரிசோதனையைப் பயிருக்கு முன்னால் செய்வது. அட்டையை பீரோவில் பூட்டாமல் சங்கத்துச் சுவரில் ஒட்டுவது. அப்புறம், ஆளுக்கு ஒளித்து வைப்பதற்குப் பதிலாக, பொதுவில் கொஞ்சம் இருப்பு வைத்துக்கொள்வது.

இருப்பு அறைக்கு இரண்டு பூட்டு. இரண்டு சாவியும் இரண்டு வேறு ஆட்களிடம். முதல் சாவி மலர்க்கொடிக்கு என்று எல்லோருமே கை தூக்கினார்கள். பட்டா கேட்டவர் உட்பட.

"ரெண்டாவது சாவிய யாரு வச்சுக்கிறீங்க?" என்றார் ஹாஜா பாய்.

நான் கை தூக்கினேன்.

மலர்க்கொடிதான் முதலில் சிரித்தாள். "கோவிச்சுக்காதீங்க சார்... ஓட்டுக்கு விட்டுடலாம்."

ஒரு ஓட்டு வாங்கினேன். என்னுடையது.