தலையணை உறைக்குள் இருந்த சேர்ட்

என் கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு முதல் நாள் காலையில் வோஷிங் மெஷின் நின்றுவிட்டது. உடுப்பைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிய வேண்டிய நேரத்தில் ஒரு முனகல் முனகிவிட்டு, வயிறு நிறையத் தண்ணீரோடு பேசாமல் கிடந்தது. அடுத்த நாள் விடிய ஐயர் வருவார். அதற்கு முன் வீட்டில் உள்ள துணியெல்லாம் தோய்த்துத் சாவுத் தீட்டான துடக்கைக் கழிக்க வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் இருந்துகொண்டு திரைச்சீலையையும் கட்டில் விரிப்பையும் கையால் கும்மவா முடியும்?

தோய்க்கப் போட்டது மச்சாள், என் கணவரின் தங்கை. கனடாவிலிருந்து அவள் வந்து இறங்கியபோது தகனம் முடிந்து இரண்டு நாள். அண்ணனின் முகம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஓரிடத்தில் இருக்கவில்லை; கூட்டுவாள், துடைப்பாள், திரும்பவும் கூட்டுவாள்.

மெஷினுக்கு முன்னால் குனிந்து கண்ணாடிக் கதவுக்குள்ளே பார்த்தேன். சவர்க்கார நுரைக்குள் திரைச்சீலை, விரிப்பு, அவற்றுக்கு நடுவே நீலக் கோடு போட்ட ஒரு சேர்ட்டின் கை.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அவர் போட்டிருந்த சேர்ட் அது. தாதி அதைச் சுருட்டி ஒரு பையில் போட்டு என் கையில் தந்தாள். வீட்டுக்கு வருகிற சனம் செத்தவரின் உடுப்பென்று எடுத்துத் தோய்த்துவிடும், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிடும் என்று பயந்து, சுருட்டியபடியே என் தலையணை உறைக்குள் திணித்து வைத்திருந்தேன். விரித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை. படுக்கும்போது உறைக்குள் மூக்கை விட்டுக் காலரை மணப்பேன். வியர்வையும் பவுடரும் கலந்த அவருடைய மணம். முப்பது நாளும் அதை வைத்துத்தான் மூச்சு விட்டேன் என்று சொன்னால் பொய்யில்லை.

"உமக்கு ஆர் சொன்னது என்ரை தலையணையிலை கை வைக்கச் சொல்லி?" என்று கத்தினேன். எனக்கு எப்போதும் வாய்தான் முந்தும்.

"துடக்கெல்லே அண்ணி. உறையெல்லாம் தோய்க்கத்தானே வேணும்? உள்ளுக்குச் சேர்ட் இருந்தது எனக்குத் தெரியாது."

அவளுக்கு எப்படித் தெரியும்? நான் யாரிடமாவது வாய் திறந்தேனா? ஒளித்தவள் நான். ஆனாலும் அவளைத்தான் திட்டினேன். கனடாவில் போய் உன் துப்புரவைக் காட்டு என்றுகூடச் சொன்னேன்.

கதவை இழுத்தேன், திறக்கவில்லை. மெஷின் திருத்துகிற முஸ்லிம் நானாவுக்குப் போன் எடுத்தேன். அவர் புத்தளத்தில் ஒரு கலியாண வீட்டில் நின்றார்.

"பதற வாணாம் அக்கா," என்றார். "தண்ணி வெளிய போனாத்தான் அது சுத்தும். தண்ணி உள்ளுக்கு ஈக்கிற வரைக்கும் கதவும் தொறக்காது. முதல்ல பிளக்கைக் கழட்டுங்க. கீழ வலப்பக்கம் சின்ன மூடி ஒண்டு ஈக்கும். அதுக்குள்ள பில்டர். மெதுவாத் திருகுங்க, தண்ணி பாயும்."

பாய்ந்தது. நான் திருக, மச்சாள் கேக் சுடுகிற தட்டில் தண்ணீரை ஏந்தி ஏந்திக் குளியலறையில் ஊற்றினாள். ஒவ்வொரு தட்டுத் தண்ணீரையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய மணம்தானே போகிறது?

கடைசியில் பில்டர் கையோடு வந்தது. முடி, நூல், அவற்றோடு நடுவில் உலோகக் குமிழ் வைத்த ஒரு வட்டத் துண்டு. இ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுவது. சேர்ட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதுதான் தண்ணீரை அடைத்திருக்கிறது. ஒரு நாளாவது அந்தச் சேர்ட்டை விரித்துப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன்.

"அண்ணான்ரை நெஞ்சிலை இருந்ததோ?" என்று மச்சாள் கேட்டாள். ஓம் என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சேர்ட்டை இழுத்தெடுத்துப் பிழிந்து முகத்தில் வைத்தேன். சவர்க்காரத் தூள். காலரில் பார்த்தேன், அக்குளில் பார்த்தேன், உள்ளே வெளியே புரட்டிப் பார்த்தேன். எங்கும் சவர்க்காரத் தூள்தான். ஈர நிலத்திலேயே இருந்து குழறி அழுதேன். சவப்பெட்டியை மூடும்போதுகூட நான் அப்படி அழவில்லை. அன்று அவர் போனார். அவரில் மிஞ்சியிருந்த கொஞ்சமும் இன்றைக்குத்தான் போனது.

மச்சாள் பக்கத்தில் வந்து இருந்தாள். "ஒருக்காத் தாங்கோ அண்ணி," என்று சேர்ட்டை வாங்கி முகத்தைப் புதைத்தாள். கனநேரம் முகத்தை எடுக்கவேயில்லை.

"அண்ணா மணக்குது," என்றாள்.

எனக்காகச் சொன்னாளா, உண்மையிலேயே மணந்ததா என்று இன்றுவரை தெரியாது. பறித்தெடுத்தேன். "எங்கை? எந்த இடத்திலை?"

காலருக்குக் கீழே, முதல் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவளுடைய விரல் இருந்த அதே இடத்தில் மூக்கை வைத்து, மூச்சு முட்டும்வரை இழுத்தேன். இருபத்தெட்டு வருடம் அவரோடு ஒரே கட்டிலில் படுத்த எனக்கு, அந்த இடத்தில் ஒன்றும் மணக்கவில்லை.