அரசிகளின் கொண்டை

லவாலுக்கு மெற்றோ ரயில் வந்த வருடம்தான் அக்காவுக்குப் புற்றுநோய் என்று சொன்னார்கள். மொன்றியலில் பாதித் தமிழ்ப் பெண்களுக்குக் கலியாணத்தன்று தலை சோடித்தவள் அவள். எந்தக் கொண்டையையும் கண்ணாலேயே அவிழ்த்துப் பார்த்துவிடுவாள்.

பழைய ரோமாபுரி வெள்ளிக் காசு வாங்கும் பைத்தியமும் அதனால்தான் பிடித்தது. சக்கரவர்த்திகளை அவள் சட்டை செய்ததே இல்லை. அவர்களுடைய மனைவி, தாய், மகள் முகம் பொறித்த காசுகள் மட்டும்தான் வேண்டும். கட்டைவிரல் நகமளவு வெள்ளியில் அலையலையாய்ச் சீவிய தலை, பின்னிச் சுற்றிய கொண்டை. பள்ளங்களில் காலகாலமாய்ப் படிந்த கறுப்பால்தான் ஒவ்வொரு முடியும் தெரிந்தது.

"இது ஊசி நூலாலை தைச்ச கொண்டையடி, வடிவாப் பார்" என்று பூதக்கண்ணாடியை நீட்டி என் உயிரை வாங்குவாள். ஒருமுறை பியர்பொன்ட்ஸ் பக்கத்துப் பெண்ணொருத்தி அந்த அரசியின் கொண்டையோடு மணவறை ஏறினாள். எங்கள் இருவருக்கும் மட்டும்தான் அது தெரியும். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டியது. அத்தானுக்கோ அம்மாவுக்கோ முன்னால்கூடத் தலைத்துணியைக் கழற்றமாட்டாள். காசுகளைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள்.

ஒருநாள் அவளை வைத்தியசாலையிலிருந்து கூட்டிவந்தபோது அம்மா ஒரு தட்டோடு வாசலில் நின்றார். குத்துவிளக்கு மினுக்குவதுபோல, காசுகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்திருந்தார்.

"கறுத்துப்போய்க் கிடந்துது பிள்ளை. நீ வரேக்கை பளிச்செண்டு இருக்கட்டும் எண்டு மினுக்கி வைச்சன்."

முகங்கள் பளபளத்தன. கொண்டைகளைக் காணவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்மா, உங்களை ஆர் தொடச் சொன்னது?" என்று கத்தினேன்.

அக்கா என் கையை அழுத்தினாள். ஒரு காசை எடுத்துக் கனநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கம்மா" என்றாள். பிறகு தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். "இவையும் என்னோடை சேந்திட்டினம்."

அம்மா அந்த வெறுந்தலையைத் தடவித் தடவி அழுதார்.

பனி கரைவதற்குள் அக்கா போய்விட்டாள். அத்தான் உயிரோடு இருக்கச் சுமங்கலியாய்ப் போனவள், கூறைச்சேலை உடுத்திப் பூ வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அவள் சோடித்துவிட்ட பெண்கள் சிலர் மல்லிகைச் சரமும் கொண்டை ஊசியுமாக வந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் ஒருத்தி தயங்கி நின்றாள்.

"எங்கை குத்துறது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

நான் சரத்தை வாங்கி அக்காவின் தலையைச் சுற்றி வைத்தேன். வழுக்கி விழுந்தது. திரும்ப வைத்தேன், அப்போதும் நிற்கவில்லை. அம்மா என்னை விலக்கிவிட்டு வந்தார். பெட்டியை மூடும்வரை பூவைக் கையால் பிடித்துக்கொண்டே நின்றார்.