மஞானா என்றால் விடிஞ்சா

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் காலை ரயிலில் சிதம்பரம் போய் வருகிறவள் தனக்கோடி. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் மீன்பிடிக் குடும்பத்தில். கைக்கு வந்ததோ தையல். மேல வீதியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டு இருபத்திரண்டு வருஷமாக பரதநாட்டிய உடை தைக்கிறாள். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் பரங்கிப்பேட்டை வருவதற்குள் அரைத் தூக்கம். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது தண்ணீரின் வெளிச்சம் மூடிய இமைக்குள் வந்து ஆடும்.

போன மாசியில் லூசியா என்ற பெண் அளவு கொடுக்க வந்தாள். நாட்டியம் படிக்க கொலம்பியாவிலிருந்து வந்தவள். சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்கு முதல் நிகழ்ச்சி. துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டவளிடம், எல்லோருக்கும் சொல்வதையே தனக்கோடி சொன்னாள்: நாளைக்கு. லூசியா சிரித்துவிட்டாள். தங்கள் ஊர்த் தையல்காரர்களும் இதையேதான் சொல்வார்களாம், 'மஞானா' என்று.

அந்தச் சொல் தனக்கோடிக்குப் பிடித்துப்போனது. மஞானா என்றால் நாளைக்கு. துணி வெட்டும்போதும், ரயிலில் கண் சொக்கும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது எங்கோ தூரத்தில் இருக்கும் ஓர் ஊரின் பெயர் போலிருந்தது.

வியாழக்கிழமை மதியம் லூசியாவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவசரத்தில் பாதிக்குமேல் அவள் மொழியிலேயே பேசியிருந்தாள். பின்னால் ஒரே சலங்கைச் சத்தம். தனக்கோடி மூன்று முறை கேட்டாள். நிகழ்ச்சியை மாற்றிவிட்டார்கள் என்பதும், மஞானா என்பதும் மட்டும் பிடிபட்டன. நாளைக்கேவா? திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். கொக்கிகளை ரயிலில் வைத்துத் தைத்தாள். மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் முடித்து, பையில் போட்டுக்கொண்டு லூசியா தங்கியிருந்த கனகசபை நகருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கதவைத் திறந்த லூசியா தலையில் எண்ணெயோடு, தூக்கக் கண்ணோடு நின்றாள். நிகழ்ச்சி சனிக்கிழமைதான், சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றியிருந்தார்கள். தன் வாழ்நாளில் முதல்முறையாக தனக்கோடி ஒரு துணியை ஒருநாள் முன்னதாகக் கொடுத்திருந்தாள்.

லூசியா அவளை உட்காரவைத்து, தெரிந்த தமிழில் விளக்கினாள். சும்மா மஞானா என்றால் நாளைக்கு. முன்னால் 'லா' போட்டால் காலை. 'எல்' போட்டால் இனி வரப்போகிற காலம்.

"ஒரு வார்த்தை, மூணு அர்த்தம். கஷ்டம், இல்லையா அக்கா?"

"எங்களுக்கும் இருக்குதும்மா," என்றாள் தனக்கோடி. " விடிஞ்சா கல்யாணம்னா நாளைக்குக் கல்யாணம். விடியக் கெளம்புறேன்னா காலைல. எனக்கு எப்பத்தான் விடியுமோன்னா..." காலிப் பையை மடிக்கத் தொடங்கினாள்.

லூசியா நோட்டை எடுத்து 'விடி' என்று எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "நாளைக்கு நீங்க வருவீங்களா?"

அப்போதுதான் தனக்கோடிக்கு உறைத்தது. தைத்த துணி ஆடி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. நிகழ்ச்சிகள் எல்லாம் விளக்கு வைத்த பிறகு. அவளுக்கோ ஊருக்கு ரயில். இது காலையில்.

மறுநாள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஹேங்கரில் மட்டுமே அவள் அறிந்திருந்த விசிறி மடிப்பு, லூசியா முழங்கால்களை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்ததும் விரிந்தது. மூடியது, மறுபடி விரிந்தது. மிருதங்கமும் ஆளும் மறைந்து, அரக்குப் பட்டு மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கண் நிறைந்ததை அவள் துடைக்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள், ஆடுவது யார், தெரிந்த பெண்ணா என்று கேட்டாள்.

"துணி நான் தச்சது," என்றாள் தனக்கோடி.

சித்திரையில் லூசியா ஊருக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அளவு கொடுக்க வரும் பெண்களிடம், நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று தனக்கோடி முதலில் கேட்கிறாள். காலை என்று சொன்னால், எந்த மண்டபம் என்றும் கேட்டுவைத்துக்கொள்கிறாள்.